சித்தப்பாவிடம் கணக்குக் கேட்பது தப்பா?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உயிலில் சித்தப்பாவை எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக)ப் போட்டு, சொத்தை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதியிருக்கிறார். புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) கிடைத்தே 14 மாதம் ஆகிவிட்டது. வீட்டு வாடகை சித்தப்பாவின் சொந்தக் கணக்கில் விழுகிறது. அப்பாவின் காரைத் தானே ஒரு விலை போட்டு எடுத்துக்கொண்டார். கணக்குக் கேட்டால், "என்னைத் திருடன் என்கிறாயா?" என்று கத்துகிறார். இப்போது, 'என் பங்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போட்டுத் தொலை, நிம்மதி என்கிறான் தம்பி. போடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: போடாதீர்கள். பிறகு நீங்கள் கோர்ட்டுக்குப் போனால் சித்தப்பாவின் வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

சித்தப்பாவின் கோபத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். என் அம்மாவின் உயிலுக்கு நான்தான் எக்ஸிக்யூட்டர். மூன்றாம் மாதமே அக்கா கணக்குக் கேட்டாள். வருடக்கணக்கில் ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்த வக்கீல் நான், எனக்கே சுருக்கென்றது. இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தால், இறுதிச் சடங்குச் செலவை இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்! அக்கா கேட்டிராவிட்டால் அந்தத் தொகை அவள் பங்கிலிருந்தும் போயிருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 317-ஆம் பிரிவுப்படி, புரொபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் எக்ஸிக்யூட்டர் சொத்து, கடன், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. இரண்டும் புரொபேட் கொடுத்த கோர்ட்டில். கோர்ட் அவகாசம் நீட்டித்திருக்கலாம். இல்லையென்றால் இரண்டு கெடுவும் தாண்டிவிட்டன. அதனால் சித்தப்பா வீட்டுக்குப் போகும் முன் கோர்ட்டுக்குப் போங்கள். அவர் தாக்கல் செய்தாரா என்று பார்த்து, செய்திருந்தால் சான்றிட்ட நகலுக்கு மனுப்போடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

வாடகையை வசூலிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. சொத்து இப்போதைக்கு எக்ஸிக்யூட்டர் என்ற முறையில் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் தன் பணத்தோடு கலந்துவிட்டால் எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. பணத்தைத் தவறாகக் கையாண்டு நஷ்டம் வந்திருந்தால், 368-ஆம் பிரிவுப்படி அவர் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

கார் விஷயத்தில் அவர் நன்றாகவே மாட்டியிருக்கிறார். எக்ஸிக்யூட்டர் இறந்தவரின் பொருளை நேரடியாகவோ வேறு ஆள் மூலமாகவோ தானே வாங்கினால், அந்த விற்பனையை ரத்து செய்யும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு (பிரிவு 310). "நல்ல விலைதானே கொடுத்தேன்" என்பார். விலையைப் பற்றி அந்தப் பிரிவு பேசுவதே இல்லை.

அடுத்து ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில், பதிவு (ரெஜிஸ்ட்ரேஷன்) வசதியோடு. உங்கள் மனக்குறை ஒரு வரிகூட அதில் வேண்டாம். வாடகை மாதாமாதம் எவ்வளவு வந்தது, என்ன செலவு, காருக்கு எவ்வளவு, அந்தப் பணம் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது: 15 நாளில் ரசீதுகளோடு தெரிவிக்கவும், அவ்வளவுதான். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், கணக்கைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கோர்ட்டில் மனு. எக்ஸிக்யூட்டரை நீக்கிவிட்டு வேறொருவரை நியமிக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு (பிரிவு 301). அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் ஒன்றே காரணம் என்றால் நீதிபதிகள் அவ்வளவு சுலபமாக இணங்க மாட்டார்கள். வாடகையும் காரும் சேர்ந்தால் கதை வேறு.

தம்பி அந்தத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.