வேகவைத்த பூண்டு ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் தக்காளிக்கு இலைக்கருகல் நோய் வராமலிருக்கப் பூண்டை அரைத்து, வடிகட்டித் தெளித்து வந்தேன், ஓரளவு பலன் இருந்தது. அடிக்கடி அரைக்கச் சலித்துப்போய், பற்களை முழுதாக வேகவைத்து, அந்த நீரைப் புட்டியில் வைத்துத் தெளித்தபோது நோய் பரவிவிட்டது. பூண்டின் சக்தி எங்கே போயிற்று? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எங்கும் போகவில்லை, அது உருவாகவே இல்லை. பூஞ்சையைத் தடுக்கும் அல்லிசின் என்ற கந்தகச் சேர்மம் முழுப் பூண்டுப் பல்லில் கிடையாது. மணமற்ற அல்லீன் என்ற பொருளும், அதனை அல்லிசினாக மாற்றும் நொதியும் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் நசுங்கி அறைகள் உடைந்த பின்னரே இரண்டும் கலந்து, சில நொடிகளில் நாம் அறிந்த அந்தக் காரமான நெடி எழுகிறது. நசுக்கும் முன்பே வேகவைத்ததால் தாங்கள் நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டீர்கள். 1944இல் அமெரிக்க வேதியியலாளர்கள் கவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த இந்த அல்லிசின் நிலையற்றதும்கூட. ஆகவே அரைத்த சாற்றையும் சேமிக்காமல் அன்றே தெளிப்பது நல்லது.

அல்லிசின் பூஞ்சையின் புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளோடு வினைபுரிந்து, அதன் நொதிகள் பலவற்றை ஒருசேர முடக்குகிறது. ஆனால் இலைக்குள் ஏற்கெனவே ஊடுருவிவிட்ட பூஞ்சையை மேலே தெளிக்கும் சாறு எட்டுவது அரிது என்பதால், இதனைத் தடுப்பாகக் கொள்ளலாமே தவிர மருந்தாக நம்பக் கூடாது.

தங்கள் தக்காளிச் செடியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. இலையிலும் பச்சைக் காயிலும் உள்ள டொமாட்டின் என்ற தற்காப்பு வேதிப்பொருள், பூஞ்சையின் செல்சவ்விலுள்ள ஸ்டீரால்கள் என்ற கொழுப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. வாடல் நோய்க்குக் காரணமான ஃபியூசேரியம் என்ற பூஞ்சையோ, டொமாட்டினோடு ஒட்டியுள்ள சர்க்கரைப் பகுதியை ஒரு நொதியால் வெட்டியெடுத்து அதன் வீரியத்தைப் போக்கிவிடுகிறது. தாவரம் செய்த பூட்டுக்குப் பூஞ்சை சாவி செய்துகொண்டது என்றே சொல்ல வேண்டும்.

பூண்டுச் சாறு செறிவு மிகுந்தால் இலையையும் கருக்கும். முதலில் இரண்டொரு இலைகளில் தெளித்து மறுநாள் பாருங்கள். நோய்ப் பூஞ்சைகளை அடக்கத் தோட்டத்தில் இடப்படும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சையே என்பதால், அதனைப் பயன்படுத்துவதாயின் பூண்டுச் சாற்றோடு ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம்.