கியர் போட்டதும் அடி விழுகிறதா? கியர்பொக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பன்னிரண்டு வருடம் ஓடிய ஜப்பான் கார், ஒட்டோ கியர். ஒரு மாதமாக 'பி'யிலிருந்து 'டி' போட்டாலும் 'ஆர்' போட்டாலும் டொம் என்று அடிக்குது. ஓடத் தொடங்கினால் ஒரு கரைச்சலும் இல்லை. கியர்பொக்ஸை இறக்க வேணுமாம். இறக்கலாமோ?"

இப்போதைக்கு இறக்காதீர்கள். ஓட்டத்தில் கரைச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. உள்ளே கிளச் தகடுகள் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஓட்டத்திலும் தெரியும். எஞ்சின் உறுமும், கார் இழுக்காது. நிற்கும்போது மட்டும் அடி விழுந்தால், வெளியில் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சூடேறிய எஞ்சின், ஏசி நிறுத்திய நிலையில், பெரும்பாலான கார்களில் 600 முதல் 800 வரைதான் சுற்றும். ஆயிரத்துக்கு மேலே நின்றால் அடி விழத்தான் செய்யும். கியர் விழும் கணத்தில், சுற்றிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கிளச் பிடித்து நிறுத்த வேண்டும். வேகம் கூடினால் அந்தப் பிடி முரடாகும். நம் கிரவல் வீதிப் புழுதியில் எயார் பில்டரும், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் திரொட்டில் பொடியும் சீக்கிரம் அழுக்காகின்றன. அங்கிருந்து தொடங்குங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முள் உயர்ந்து நிற்பது வழமை. அது இறங்கும்வரை பொறுத்துக் கியர் போடுங்கள்.

அடுத்தது எஞ்சின் மவுண்டிங், அதாவது எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இதில்தான் அதிகம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல். அந்த இடைவெளியில் எல்லோரும் பழைய காரையே பள்ளம் திட்டியில் ஓட்டினோம். ரப்பர் எத்தனை வருடம் தாங்கும்? பொனட்டைத் திறந்து, ஹான்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி 'டி', 'என்', 'ஆர்' என்று மாற்றுங்கள். ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கவே கூடாது. எஞ்சின் துள்ளி எழும்பினால் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றும் செலவு கியர்பொக்ஸ் வேலைக்குக் கிட்டவும் வராது.

பிறகு கியர்பொக்ஸ் ஒயில். அதன் மட்டம் பார்க்கும் கம்பி, டிப்ஸ்ரிக், இருந்தால், கனகராயன்குளம் வரை ஒருதரம் போய்வந்து, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். ஹொண்டா போன்ற சிலவற்றில் எஞ்சினை நிறுத்தியதும் பார்க்க வேண்டும். டிப்ஸ்ரிக் இல்லாத கார் என்றால் தூக்கி வைத்துத்தான் அளக்க முடியும். மட்டம் குறைந்திருந்தால் கியர் பிந்தி விழும், விழும்போது அடிக்கும். கியரை மாற்றி ஒன்றரை செக்கனுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் ஒயில் அமுக்கம் குறைவு என்று கொள்ளலாம். ஒயில் கறுத்து, கருகிய மணம் வந்தால் உள்ளே சூடு கண்டிருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரியில் வீதிக்கு மேலால் பாயும் வெள்ளத்துக்குள் இறக்கியிருந்தாலோ, ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்திருந்தாலோ இப்படி வரும். அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. தண்ணீர் பட்டால் கிளச் தகட்டின் பூச்சு கழன்றுவிடும்.

ஊற்றும்போது "எல்லாம் ஒன்றுதான்" என்று சிவப்பு ஒயில் எதையாவது ஊற்ற விடாதீர்கள். பெல்ட்டால் ஓடும் சிவிடி கியர்பொக்ஸில் சாதாரண ஒட்டோ ஒயில் விட்டால் உள்ளிருக்கும் பெல்ட்டே கெட்டுப்போகும். ஜப்பான் கைநூலை வாசிக்க முடியாவிட்டால், சேஸி இலக்கத்தைக் கொடுத்து உங்கள் கியர்பொக்ஸுக்கு எந்த ஒயில் என்று பாகக் கடையில் கேளுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். குளக்கட்டுச் சரிவில் நிறுத்திவிட்டு 'பி'யை விட்டு எடுக்கும்போது மட்டும் அடித்தால், அது பூட்டுப் பல்லில் காரின் பாரம் தொங்குவதால் வருவது. இனி 'என்'இல் வைத்து ஹான்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மெல்ல விட்டு, கார் அசையாமல் நின்ற பிறகு 'பி' போடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அடி நிற்கவில்லையா? அப்போது ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட் என்ற மின் வால்வு பழுதானாலும் இப்படி அடிக்கும். பல கார்களில் கியர்பொக்ஸை இறக்காமல், அடித்தட்டை மட்டும் கழற்றி அதை மாற்றலாம். ஸ்கேனரில் வரும் குறியீட்டையும், அடி குளிரிலா சூட்டிலா கூட என்பதையும் எழுதி அனுப்புங்கள்.