படகு நேராகப் போகவில்லையா? வாசகர் கேள்விகள்

விடுமுறை தொடங்கியதும் ரிமோட் படகு பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

மகனுக்கு 1,800 ரூபாயில் படகு வாங்கினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. இப்போது இடப்பக்கமாகவே வட்டம் போடுகிறது. அடியில் இரண்டு விசிறிகள் உண்டு, சுக்கான் கிடையாது. (மதுரை)

சுக்கான் இல்லாத படகைத் திருப்புவது இரண்டு மோட்டார்களின் வேக வித்தியாசம்தான். இடப்பக்கமே சுற்றுகிறது என்றால் இடது மோட்டார் சோர்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு விசிறிகளையும் விரலால் சுற்றிப் பாருங்கள். வலது லேசாகச் சுற்றும், இடது பிடிக்கும். விசிறிக்குப் பின்னால் அந்த மெல்லிய தண்டில் தலைமுடி, தூண்டில் நரம்பு, பாசி என்று ஏதாவது சுருண்டிருக்கும். என் பேத்தியின் படகில் முடி கறுப்பு மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசியால் நெம்பி, சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்தேன். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். இத்தனைக்கும் பிறகும் படகு வட்டம் போட்டால் மோட்டாரோ ஒயரோ போயிருக்கிறது. பில்லோடு உடனே கடைக்குப் போங்கள்.

ஆன்லைனில் வாங்கிய படகு வரும்போதே செத்து வந்தது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றவில்லை. மாற்றி அனுப்பியதும் அப்படியே. மேஜையில் வைத்துப் பலமுறை சோதித்துவிட்டேன். (திருப்பூர்)

தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்களா? இந்த வகைப் படகுகள் பலவற்றின் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். இரண்டும் நனைந்தால்தான் விசிறி சுற்றும். குழந்தையின் விரல் வெட்டுப்படாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் நல்ல பொருளைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் எழுதுங்கள்.

ஒற்றை விசிறி, சுக்கான் உள்ள படகு. ரிமோட்டில் ட்ரிம் திருகியைக் கடைசி வரை திருப்பியும் ஒரு பக்கம் இழுக்கிறது. (சேலம்)

ட்ரிம் சின்ன இழுப்புக்கு மட்டும்தான். ஒற்றை விசிறி சுற்றும்போது வால் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். அந்த அளவை ட்ரிம் சரிசெய்யும். கடைசி வரை திருப்பியும் போதவில்லை என்றால் அடிப்படையே கோணல். ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து ரிமோட்டையும் படகையும் ஆன் செய்யுங்கள். சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ நடுநிலைக்கு வந்து நிற்கும். அதன் கையில் இருக்கும் திருகாணியைக் கழற்றி, அந்தக் கை, சுக்கானோடு இணைக்கும் கம்பிக்குச் செங்குத்தாக வரும்படி மாட்டுங்கள். பிறகு கம்பியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சுக்கானை நேராக்குங்கள்.

இன்னொன்று. சுக்கானை விரலால் மெல்ல ஆட்டுங்கள். சர்வோ கை அசையாமல் சுக்கான் மட்டும் ஆடினால் கம்பி மாட்டிய ஓட்டை தேய்ந்திருக்கிறது. அப்படி இருக்கும்வரை என்ன திருகினாலும் படகு நேராகப் போகாது. அடுத்து, அசையாத தண்ணீரில் மிதக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பேட்டரியை ஒரு விரற்கடை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய ரேஸ் படகு ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். வலப்பக்கம் அருமையாகத் திரும்புகிறது. இடப்பக்கம் திருப்பினால் துள்ளிக் கவிழ்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கோவை)

இல்லை. மாதிரிப் படகுப் பந்தயங்களில் படகுகள் கடிகாரச் சுற்றில், அதாவது வலப்பக்கமாகத்தான் திரும்பும். அதனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் துடுப்புத் தகட்டை வலப்பக்கம் மட்டும் வைப்பது வழக்கம். இடப்பக்கம் திருப்பும்போது வேகத்தை நன்றாகக் குறையுங்கள். 14,000 கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

50 மீட்டர் தாண்டினால் ரிமோட் பேச்சைக் கேட்பதில்லை. (தஞ்சாவூர்)

படகுக்குள் ஏரியல் ஒயர் கீழே கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ஒயரைக் குழாயில் செருகி மேலே நிமிர்த்துங்கள்.

5,000 ரூபாய் படகைக் கடலில் விடலாமா? (தூத்துக்குடி)

கூடாது.

3,200 ரூபாய் படகு. முதல் நாளே சுக்கான் அசையவில்லை. கடைக்காரர், "தண்ணீர் புகுந்திருக்கிறது, உங்கள் தப்பு. பில்லைப் பாருங்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்கிறார். பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. (கும்பகோணம்)

இந்த ஒரு வரியை அச்சடித்தே எத்தனை பேரை விரட்டியிருக்கிறார்கள்! நானும் விரட்டப்பட்டவன். பேரனுக்கென்று 6,500 ரூபாய்க்கு வாங்கிய படகு இரண்டாம் நாள் நின்றது. பில் வாங்காமல் விட்டிருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த ஞாபகமே இல்லை என்றார். பணமும் போயிற்று, அன்று அந்தக் குழந்தை முகம் வாடியதும் மறக்கவில்லை. அதனால்தான் 200 ரூபாய்ப் பொருளுக்கும் பில் கேளுங்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு இருந்தால் அந்தக் கெடுவுக்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அவர் தர வேண்டும். பில்லில் எதையோ அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. பில் தராமல் இருப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற வணிக முறைதான். தண்ணீரில் ஓட விற்ற பொருளுக்குள், அதுவும் வாட்டர்ப்ரூஃப் என்று போட்ட பொருளுக்குள், தண்ணீர் புகுந்தால் அது வாங்கியவர் தப்பு எப்படி ஆகும்?

பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

படகைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் பழி உங்கள் மேல் விழும். சுக்கான் அசையாததை வீடியோ எடுத்து, பெட்டியையும் பில்லையும் படம் பிடித்து, கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கடைக்குக் கொடுக்கும் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.