வாசகர் கேள்வி பதில்: கோயில் விழுந்தாலும் கும்பிடு நிக்கணுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க ஊரு செக்கானூரணி பக்கம். போன மழையில எங்க குலசாமி கோயில் முன்மண்டபம் சரிஞ்சு விழுந்துருச்சு. சாமி பெட்டி பூசாரி வீட்ல பத்திரமா இருக்கு. கோயிலைக் கட்டி முடிக்கிற வரைக்கும் மாசி சிவராத்திரி கும்பிடு வேணாம்னு பங்காளிகள்ல பாதிப்பேரு சொல்றாங்க. ஜப்பான்ல பூகம்பம் வந்தா அவங்க பூர்வீக மதமான ஷிண்டோ கோயில்லாம் விழுந்து கெடக்குறத டிவியில பாக்குறோமே, அங்க ஊர்க்காரங்க என்னண்ணே பண்றாங்க?

பதில்: தம்பி, நான் படிச்ச வரைக்கும் அங்க நெறைய ஊர்ல திருவிழாதான் மொதல்ல வருது, கட்டடம் பின்னாடி மெதுவாத்தான் வருது. 2024 ஜனவரி 1, புத்தாண்டு அன்னைக்கு சாயங்காலம் நோட்டோ பக்கம் 7.6 அளவுல பூகம்பம். கோயில் வாசல்ல நிக்கிற தோரி, அதான் நம்ம தோரணவாயில் மாதிரி, அதுவும் கல்விளக்குகளும் அங்கங்க சாஞ்சு கெடந்துச்சு, வீடு போனவங்க அப்ப இன்னும் ஊர் திரும்பல, ஆனா அதே வருஷம் ஜூலை மொத வாரம் உஷிட்சுங்கிற ஊர்ல அபாரே திருவிழாவ நடத்திட்டாங்க. கிரிக்கோன்னு ஆள் ஒசரத்துக்கு மேல பல மடங்கு பெருசா இருக்கிற விளக்குக்கூண்ட தோள்ல தூக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க, சாமி பல்லக்க ஆத்துலயும் தீயிலயும் போட்டு எடுப்பாங்க. தூக்குறதுக்கு ஆளு வேணும்ல, அதுக்குன்னே வெளியூர்ல இருக்கிறவன் வருவான். நம்ம ஊர்ல திருப்பூர்லயும் சென்னையிலயும் இருக்கிறவன் சிவராத்திரிக்கு பஸ் ஏறி வர்றான்ல, அதே கதைதான்.

இதவிட என் மனச ரொம்பத் தொட்டது புகுஷிமா பக்கத்துல உக்கேதோன்னு ஒரு கடலோர கிராமம். 2011 மார்ச் 11 சுனாமியில வீடெல்லாம் போச்சு, குசானோ கோயிலும் அடிச்சுட்டுப் போயிருச்சு, அடுத்து அணு உலை வெடிச்சு ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமியும் இல்ல ஊரும் இல்ல. ஆனா அந்த ஊர்ப் பொம்பளப்புள்ளைங்க ஆடுற நாத்து நடுற ஆட்டம் ஒண்ணு இருக்கு, அத அதே வருஷமே வேற ஊர்ல வச்சு திரும்ப ஆட ஆரம்பிச்சுட்டாங்க, தற்காலிக வீடுகள் இருக்கிற எடத்துக்கும் போயி ஆடுனாங்க. கோயில் திரும்ப எழும்புனது 2024-ல. யோசிச்சுப்பாருங்க, பதிமூணு வருஷம். அதுவரைக்கும் ஆட்டம் வேணாம்னு இருந்துருந்தா அந்தப் புள்ளைங்க வளந்து கல்யாணம் ஆயிருக்கும், அடுத்த புள்ளைக்கு சொல்லிக்குடுக்க ஆளே இருந்துருக்காது.

கட்டி முடிக்கிற வரைக்கும் சாமி எங்க இருக்கும்னா, நம்மகிட்ட பாலாலயம் இருக்குல்ல, அங்கயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, கரிதோனோன்னு பேரு, தற்காலிக எடத்துக்கு சாமியக் கொண்டுபோயி வச்சு கும்பிடுவாங்க. உங்களுக்கு பெட்டியே பத்திரமா இருக்கு தம்பி, அப்புறம் என்ன தயக்கம். 2018 பிப்ரவரியில நம்ம மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்புடிச்சப்ப அந்த வருஷம் சித்திரைத் திருவிழா நின்னுச்சா என்ன?

கேள்வி: செலவுக்கு என்ன செய்றாங்க? கவர்மெண்டு குடுக்குதா? (இது திருமங்கலத்துல இருந்து ஒரு வாசகி)

பதில்: அவ்வளவு லேசுல குடுக்காதும்மா. மதத்துக்கு பொதுப்பணம் போகக்கூடாதுன்னு அவங்க அரசியல் சட்டத்துலயே 20, 89-வது பிரிவுல இருக்கு. பழமைச் சின்னம்னு பட்டியல்ல இருந்தா மட்டும் அந்த வகையில உதவி வரும். 2016 ஏப்ரல்ல குமமோட்டோ பூகம்பத்துல அசோ கோயிலோட ரெண்டு அடுக்கு வாசக்கோபுரம் அப்படியே உக்காந்துருச்சு, 1850-ல கட்டுனது, அது பட்டியல்ல இருந்துச்சு. பழைய மரத்தையெல்லாம் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, எது ஆகும் எது ஆகாதுன்னு பாத்து, ஆனமட்டும் அதையே வச்சு 2023 டிசம்பர்லதான் முடிச்சாங்க. பக்கத்துல விழுந்த கும்பிடுற மண்டபம் பட்டியல்ல இல்ல, அது நன்கொடையில 2021-ல எழுந்துச்சு.

ஆனா எனக்குப் புடிச்ச விஷயம் வேற. 2004-ல சூயெட்சு பூகம்பத்துக்கு அப்புறம் மலைக்கிராமத்துல இருந்த சின்னச்சின்ன ஊர்க்கோயில்களுக்கு மறுசீரமைப்பு நிதியில இருந்து உதவி குடுத்தாங்க. எப்படின்னா, இது மதம்னு பாக்கல, ஊர் சனம் கூடுற எடம்னு பாத்தாங்க. ரொம்பச் சரியான பார்வைன்னு எனக்குப் படுது. மத்தபடி உஜிக்கோன்னு சொல்ற அந்தக் கோயிலச் சேந்த குடும்பங்கதான் போடணும், நம்ம தலைக்கட்டு வரி மாதிரிதான். ஆள் கொறஞ்ச ஊருக்கு இதுதான் பெரிய கஷ்டம், பத்து வீடு இருந்தா எம்புட்டு போட முடியும். மத்த கோயில்களும் கை குடுக்கும். இசே கோயில 20 வருஷத்துக்கு ஒருக்க புதுசாக் கட்டுவாங்க, 2013-ல அப்படிக் கட்டி முடிச்சப்ப பிரிச்ச பழைய மரத்துல கொஞ்சம் சுனாமியில போன கோயில்களுக்குப் போச்சு.

கேள்வி: திரும்பக் கட்டுனா பழைய எடத்துலயேதான் கட்டணுமா?

பதில்: கட்டாயம் இல்ல, ஆனா பழைய எடத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம், அதக் கேட்டுட்டு மாத்துங்க. செண்டாய்ல நமிவாக்கேன்னு ஒரு சின்னக் கோயில், பேருக்கு அர்த்தமே அலையப் பிரிச்சதுன்னு, கடல்ல இருந்து அஞ்சு கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளி இருக்கு. 1611-ல வந்த சுனாமியோட சேத்து அதப் பத்தி கதை சொல்லுவாங்க. 2011 அலையும் அந்தக் கோயில் வரைக்கும் வரல. நம்ம பக்கம் கண்மாய்க்கரை மேட்டுல ஒரு கருப்பசாமியோ அய்யனாரோ இருந்தா, கரை ஒடைஞ்ச வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு ஊர்ப் பெருசுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் கல்லு எறக்குங்க.