மருத்துவக் குழு கேட்கும்போது "பரவாயில்லை" வேண்டாம்

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 38. லாரி மோதி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். ஊனத்தைக் கணக்கிட அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் போகும்படி, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது. இப்போது தடியில்லாமல்தான் நடக்கிறார். ஆனாலும் தடியூன்றிப் போகச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். முன்பு அதே காலில் அடிபட்டதை மறைக்கவும் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தடி வேண்டாம், சகோதரி. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று மருத்துவர் கோணமானி வைத்துப் பார்ப்பார். இரண்டு தொடைகளின் சுற்றளவையும் நாடாவால் அளப்பார். ஊன்றாத காலில் தசை மெலிந்திருக்கும். நடிப்பு அங்கேயே வெளிப்பட்டுவிடும். பிறகு உண்மையான வலியையும் நம்பமாட்டார்கள்.

பழைய அடியையும் சொல்லிவிடுங்கள். அன்றைய மருத்துவச் சீட்டு காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் கையில் கிடைத்தால், குறுக்கு விசாரணையில் உங்கள் கணவர் தலைகுனிய வேண்டிவரும். அந்த அடிக்குப் பிறகும் சாரம் ஏறி வேலை பார்த்தார் என்றால், அது உங்களுக்குத்தான் பலம்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. "எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டதும், மரியாதைக்காக "பரவாயில்லை, சார்" என்று சொல்லிவிடுவது நம் உழைப்பாளிகளின் வழக்கம். அந்த ஒரு சொல் "குறை ஏதுமில்லை" என்று பதிவாகிவிடும். வலிக்கிறது என்று மட்டும் சொன்னாலும் போதாது. குத்தவைத்து உட்கார்ந்து தரைக்குச் சாந்து பூச முடிகிறதா? சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறினால் எந்தப் படியில் கால் நடுங்குகிறது? எத்தனை நேரம் நின்றால் கணுக்கால் வீங்குகிறது? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும்.

காரணம் இருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உடல் ஊனத்தின் அளவைச் சொல்பவர் மருத்துவர், அதனால் வருமானம் எவ்வளவு போயிற்று என்று முடிவு செய்வது தீர்ப்பாயம். இடக்கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போகலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று கொள்வோம். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 38 வயதுக்கு அந்தப் பெருக்கக் காரணி 15. இழப்பு 20 சதவீதம் என்றால் 6,48,000 ரூபாய், 40 சதவீதம் என்றால் 12,96,000. எதிர்கால வருவாய் உயர்வை இதில் நான் சேர்க்கவில்லை.

சான்றிதழ் கைக்கு வந்ததும், அந்தச் சதவீதம் காலுக்கு மட்டுமா, முழு உடலுக்கா என்று பாருங்கள். அது எழுதப்படாமல் விட்டுப்போனால், உங்கள் வழக்கறிஞரிடம் உடனே சொல்லுங்கள். தகட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவையென்றால், சிகிச்சை தந்த மருத்துவரிடம் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அதைத் தனியாகக் கோரலாம்.

தீர்ப்பாய உத்தரவு, ஆதார், விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், பிசியோதெரபி சீட்டுகள், விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே, புதிய எக்ஸ்ரே ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அசல்களைக் காட்டிவிட்டு நகல்களை மட்டும் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் கொத்தனார் என்பதற்கு அது சான்று.

நீங்களும் கூடப் போங்கள். நள்ளிரவில் அவர் எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதைப் பார்த்தவர் நீங்கள்தானே. அவர் சொல்லத் தயங்கினால், மருத்துவரிடம் அனுமதி கேட்டு நீங்கள் சொல்லுங்கள்.