அடீனியத்தோட அடி மெத்துனு ஆயிடுச்சா? முதல்ல மண்ணைத் தொட்டுப் பாருங்க

கேள்வி: சென்னை மாடித்தோட்டத்துல டெசர்ட் ரோஸ், அதாவது அடீனியம், வச்சு ஆறு மாசம் ஆகுது. இப்ப இலை மஞ்சளாகி கொட்டுது, அடியில குண்டா இருக்கிறது மெத்துனு அமுங்குது. ரோஜா உரம் போட்டா தேறுமா?

உரத்தை தூர வைங்க. பேருதான் ரோஸ், ஆனா இது அரளிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். 1760கள்ல ஏமனுக்குப் போன ஃபோர்ஸ்கால்ங்கிற தாவரவியலாளர் இதை அரளி இனத்துலயே சேர்த்து நீரியம் ஒபீசம்னுதான் எழுதி வச்சார், ஒபீசம்னா குண்டு, பாவம் அந்த மனுஷன் 1763ல அங்கயே மலேரியாவுல போயிட்டார், புக்கு 1775லதான் வந்துச்சு. 1819ல தனி இனமா பிரிச்சு, ஏமன்ல இருக்கிற ஏடன் ஊர்ப் பேரை ஒட்டி அடீனியம்னு வச்சாங்க.

இதோட சொந்த ஊரு செனகல்ல ஆரம்பிச்சு சூடான், சோமாலியா, கென்யா, அப்புறம் ஏமன், ஓமன். அங்க பாறை இடுக்குல, ஊத்துன தண்ணி நிக்காத இடத்துல வளருது. சகாரா ஓரத்துல மழை வர்றது நல்ல சூட்டுல, அதனால குடிச்ச தண்ணியை செடி உடனே செலவு பண்ணிடும். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில வெயிலே இல்லாம நாள்கணக்கா ஊத்துது, அங்கதான் சிக்கல்.

இப்ப விரலை மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் விட்டுப் பாருங்க. மண்ணு காஞ்சு, குண்டுத்தோல் சுருங்கி இருந்தா வெறும் தாகம்தான், நல்லா ஊத்துங்க, சில நாள்ல கல்லு மாதிரி ஆயிடும். மண்ணு ஈரமா இருந்தும் அமுங்குதுன்னா அழுகல். உடனே பிடுங்கி, வேரைக் கழுவி, பழுப்பா கொழகொழன்னு இருக்கிறதை சுத்தமான கத்தியால வெள்ளைச் சதை தெரியுற வரைக்கும் சீவிடுங்க, பாவம்னு கொஞ்சம் விட்டு வச்சா மறுபடி அங்கிருந்துதான் பரவும். கிளவுஸ் போட்டுக்கோங்க, அந்த சாறு விஷம், ஆப்பிரிக்காவுல அம்பு நுனியில தடவுவாங்க. வெட்டின இடத்துல பங்கிசைடு (பூஞ்சைக்கொல்லி) பவுடர் தடவி, நிழல்ல ஒரு வாரம் பத்து நாள் காய விட்டு, ஆத்து மணலும் செங்கல் சல்லியும் பாதிக்கு மேல இருக்கிற கலவையில நடுங்க. முதல் வாரம் தண்ணியே வேணாம்.

குண்டு முழுக்க போயிருந்தா மேல் கிளையை வெட்டி நடலாம், பூ பூக்கும், ஆனா விதையில வந்த செடி மாதிரி அந்த தொப்பை மட்டும் சரியா வராது.