டிரெவர் நோவா புக்: பக்கம் மிஸ் ஆகல, கதையே அங்கதான் முடியுது

சவுத் ஆப்பிரிக்கா காமெடியன் டிரெவர் நோவாவோட பழைய புக் வாங்குனேன், அவர் பேமஸ் ஆன கதையே அதுல இல்ல, பக்கம் மிஸ் ஆயிடுச்சான்னு கேட்டிருந்தீங்க. பக்கம் எதுவும் காணாம போயிருக்காது. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில நீங்க வாங்குன 'பார்ன் எ கிரைம்' அவரோட சின்ன வயசு சவுத் ஆப்பிரிக்கா கதைதான், 2015ல டெய்லி ஷோங்கற அமெரிக்க டிவி காமெடி ஷோவுக்கு ஹோஸ்ட்டா வந்த கதைய அதுல தேடுனா கெடைக்காது. பேமஸ் ஆனவர் புக்குன்னா அதத்தான் எதிர்பார்ப்போம், உங்கள குத்தம் சொல்ல முடியாது லா. வருஷ வரிசையிலயும் போகாது, முன்னப் பின்ன தாவிக்கிட்டே இருக்கும், அதான் நடுவுல ஏதோ விட்டுப்போன மாதிரி தெரியுது.

டவுட்னா 18வது சேப்டர பாருங்க, ஸ்டெப் பாதர் அம்மாவ சுட்டது அதுல இருந்தா முடிவு வரைக்கும் இருக்கு. பழைய புக்ங்கறதால பக்க நம்பரும் ஒரு தடவ புரட்டிடுங்க. காப்பி சிடி வித்து, டிஜேவா பாட்டு போட்டு பொழச்ச பகுதிய மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க, செம்மையா இருக்கும்.

பசங்களுக்குன்னு மாத்தி எழுதுன எடிஷன் 2019ல தனியா வந்துச்சு, கையில இருக்குறது அதுவா இருந்தா நான் சொன்னது அப்படியே ஒத்துவராது, அட்டைய பாத்துக்குங்க.